சட்டைப் பைக்குள் வந்த தலைவர்

சுப்பையா ஐயா இறந்த அன்று காலையில் எங்கள் அண்ணன் துக்க வீட்டுக்கு வந்து சேர்ந்தது மணியத்தின் சட்டைப் பைக்குள் இருந்துதான்.

மணியம் அண்ணனுடைய வாடகைக் கூடாரக் கடையில் லோரி ஓட்டுகிறவன். பையில் கைப்பேசி, கைப்பேசிக்குள் அண்ணனின் குரல். பாயான் பாருவில் எங்கள் வரிசை வீடுகளுக்கு முன்னால் லோரி வந்து நின்றது. கம்பிகள் இறங்கின, கூடாரத் துணி இறங்கியது. அண்ணனைக் காணோம், குரல் மட்டும் வேலை வாங்கிக்கொண்டிருந்தது.

“மணியம், கேட்டுக்கு இடது பக்கம் கம்பி வைக்காதே. அங்க சாக்கடை மூடி இருக்கு. உடைஞ்ச மூடி.”

“சரிண்ணே.”

“சரிங்கிறியே, இப்ப நீ எங்க நிக்கிற?”

“மூடி மேலதாண்ணே.”

“இறங்குடா முதல்ல!”

மணியம் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னான். எதிர் வீட்டு மலாய்க்கார அம்மா கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, பாவம் இந்தப் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சுப்பையா ஐயா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். துறைமுக அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று விடியற்காலையில் பார்வதி அக்கா காப்பி கொண்டுபோய் எழுப்பியிருக்கிறார், எழுந்திருக்கவில்லை. படுக்காமல், கிடக்காமல், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போன சாவு. மகள் அக்கரையில் செபராங் ஜெயாவிலிருந்து கடல்பாலம் தாண்டி எங்கள் தீவுக்கு அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். சாயங்காலம் மின்சுடலைக்கு எடுப்பதாக முடிவானது.

எங்கள் ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்கிற அண்ணன், அன்று ஏன் ஒரு கைப்பேசிக்குள் அடைந்து கிடந்தார்? அதைத்தான் இந்த வாரம் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் கொஞ்சம் வேறு கதை.

வாசல் தெரிந்த மனுஷர்

போன வாரம் அண்ணனின் கல்யாணத்தன்று அவர் போட்ட கூடாரமே ஒழுகிய கதையை எழுதியிருந்தேன். அண்ணன் படித்துவிட்டு, “குடும்ப மானத்தை வாரா வாரம் கூறு கட்டி விக்கிறியா பாப்பா?” என்று கேட்டார். அண்ணி மட்டும் கூடுதலாக ஒரு பத்திரிகை வாங்கி அவருடைய அக்காவுக்கு அனுப்பியிருக்கிறார். அதனால் தைரியமாகத் தொடர்கிறேன்.

அண்ணனுக்குப் பெயர் தங்கவேலு. ஜார்ஜ்டவுனில் அப்படிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கூடாரம் தங்கவேலு என்றால் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் கடை வாசலில் விட்டுவிடுவார்கள். அஞ்சடியில், அதாவது கடை வரிசைக்கு முன்னால் நடக்கிற அந்த நிழல் பாதையில், சிவப்பு நாற்காலிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். அதற்கு நடுவில் ஒரு சந்து. சந்துக்குள் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் அண்ணன்.

இந்த ஊரில் பாதிப் பேருக்கு அவர் துணியின் கீழே தாலி ஏறியது. மீதிப் பேரின் அப்பா அம்மா அந்தத் துணியின் கீழேதான் கடைசியாகப் படுத்திருந்தார்கள்.

அண்ணனுக்கு முகம் ஞாபகம் இருக்காது. வாசல்தான் ஞாபகம் இருக்கும். ஒருமுறை ஒரு பெரிய விருந்தில், டத்தோ என்று அரசாங்கப் பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனுஷர் வந்து கை கொடுத்தார். எல்லாரும் அவரைச் சுற்றிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அண்ணன் நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, “உங்க வீட்டு வாசல் ரோட்டுப் பக்கம் சரிவா இருக்குமே, செங்கல் முட்டுக் கொடுத்தோமே?” என்றார். டத்தோ அசந்துபோய்விட்டார். அவருடைய அம்மா இறந்து வெகு காலம் ஆகியிருந்தது. அப்புறம் அந்த விருந்து முழுக்க அவர் அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்து அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கட்சிக்காரர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். “எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் என் நாற்காலி வரும், நான் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டார். ஆனால் கோயில் தலைவர் பதவியிலிருந்து தப்ப முடியவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் கட்டிய சின்ன அம்மன் கோயில் அது. இப்போது அந்தக் குடும்பங்கள் தீவு முழுக்கச் சிதறிவிட்டன, திருவிழாவுக்குத்தான் ஒன்றுகூடுகின்றன. “தலைவருக்கு என்ன தகுதி வேணும்? ஒரு லோரி வேணும். அவ்வளவுதான் லா” என்று அண்ணன் தன்னையே கிண்டல் செய்துகொள்வார். வருஷா வருஷம் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

தேர்ந்தெடுத்தவர்களில் முதல் கையைத் தூக்குகிறவர் சுப்பையா ஐயா. கையை இறக்கியதும் முதல் கேள்வியைக் கேட்கிறவரும் அவரேதான்.

நாற்காலிச் சண்டை

சட்டம் சுப்பையா என்றுதான் கோயிலில் அவருக்குப் பெயர். பொங்கலில் உப்பு கூடிவிட்டது என்பதைக்கூட அவர் தீர்மானமாகத்தான் கொண்டுவருவார். நன்றியுரையை எதிர்த்துப் பேசிய ஒரே மனுஷரை நான் பார்த்தது எங்கள் கோயில் ஆண்டுக் கூட்டத்தில்தான்.

“இவ்வளவு குறை சொல்றீங்களே, பேசாம நீங்களே தலைவரா நில்லுங்கண்ணே” என்று அண்ணன் ஒருமுறை சொன்னார்.

“நான் தலைவரா வந்தா என்னை யார் கேள்வி கேக்கிறது? உனக்கு அந்தத் திறமை பத்தாது” என்றார் ஐயா.

கூட்டம் முடிந்ததும் ஐயாவை அண்ணன்தான் தன் காரில் கொண்டுவந்து விடுவார், அப்படியே என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார். கார் எங்கள் வாசலில் நின்ற பிறகும் கதவைத் திறக்காமல் உள்ளேயே விவாதம் நடக்கும். நானும் பார்வதி அக்காவும் இரண்டு கேட்டிலும் நின்றுகொண்டு, சோறு ஆறுகிறதே என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்படிப்பட்டவர்கள் முறைத்துக்கொண்டது ஒரு நாற்காலிக்காக என்றால் யாராவது நம்புவார்களா?

அண்ணன் கோயில் விழாவுக்கெல்லாம் நாற்காலியைச் சும்மாதான் கொடுப்பார். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் வெள்ளைச் சாயத்தில் ‘தங்கவேலு’ என்று எழுதியிருக்கும். எழுதாவிட்டால் திரும்பி வராது. அந்த வருஷக் கூட்டத்தில் சுப்பையா ஐயா எழுந்தார்.

“தலைவர் அவர்களே, ஒரு கேள்வி.”

“கேளுங்கண்ணே.”

“கோயிலுக்கு வந்து உட்கார்ற பக்தனுக்குக் கண்ணு முன்னால என்ன தெரியணும்?”

“அம்மன் தெரியணும்.”

“எனக்கு முன் வரிசை நாற்காலியோட முதுகுதான் தெரியுது. போன திருவிழா பூரா நான் தங்கவேலுவைக் கும்பிட்டுட்டு வந்திருக்கேன்.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். ஐயா விடவில்லை. “இது கோயிலுக்கு உபயமா, கடைக்கு விளம்பரமா? தலைவர் விளக்கம் சொல்லணும்.”

அண்ணனின் சிரிப்பு நின்றது. அவருக்கு அது சுருக்கென்று பட்டுவிட்டது. “நாற்காலி உறுத்துதுன்னா நின்னுக்கிட்டே கும்பிடுங்கண்ணே” என்றார்.

“நிக்கிறேன்யா. நான் செத்தாக்கூட உன் பேர் போட்ட நாற்காலி என் வீட்டு வாசலுக்கு வேண்டாம்.”

அன்று இரண்டு பேரும் தனித்தனியாக வீடு திரும்பினார்கள். ஐயா பஸ்ஸில் வந்தார்.

அதற்குப் பிறகு அண்ணன் என் வீட்டுக்கு வந்தால் காரைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு நடந்து வருவார். ஆனால் உட்கார்ந்ததும் கேட்பார்: “பெரியவர் இருமுற சத்தம் கேக்குதே, டாக்டர்கிட்ட போனாரா?” அவர் போன பிறகு வேலிப் பக்கம் ஐயாவின் தலை தெரியும். “என்ன லெட்சுமி, உங்க அண்ணன் இளைச்சுட்டாரு போல? திருவிழா வேலையா?” இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரியாக இருந்தேன், தபால் மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

திருவிழா நெருங்கியபோது அண்ணன் என் அடுப்படியில் நின்று சொன்னார். “விழா முடியட்டும் பாப்பா. காப்பு அவிழ்த்த கையோட நானே போய் அவர் கேட்டைத் தட்டுறேன். என்னைவிட வயசுல பெரியவர். நான்தான் போகணும்.”

அவர் கேட்டைத் தட்டுவதற்கு முன்னால் அம்மன் வேறு கணக்குப் போட்டுவிட்டாள்.

மஞ்சள் கயிறு

எனக்குப் படிப்பு தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. அப்புறம் மின்னியல் ஃபேக்டரியில் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துக் கம்பி ஒட்டியதுதான் வேலை. சாஸ்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் காப்பு என்றால் என்ன என்று தெரியும்.

கொடியேற்றத்தன்று பூசாரி தலைவரின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார். கட்டிய நிமிஷத்திலிருந்து திருவிழா முடிந்து அதை அவிழ்க்கிறவரை அந்த ஆள் அவருடைய ஆள் இல்லை, அம்மனுடைய ஆள். கோயிலிலேயே பாய் விரித்துப் படுக்க வேண்டும். சவரம் செய்யக்கூடாது. ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. துக்க வீட்டு வாசலை மிதிக்கவே கூடாது. ஊருக்கு எந்தக் கெடுதலும் வராமல் விழா நடக்க வேண்டும் என்று ஊருக்காக ஒருத்தர் கொடுக்கிற வாக்கு அது. கயிறு மெல்லிசுதான். அதை இழுத்துப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வராது.

அண்ணன் கையில் அந்தக் கயிறு இருந்தபோது, ரத ஊர்வலத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தபோது, சுப்பையா ஐயா போய்விட்டார்.

நான்தான் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் கோயில் நாதஸ்வரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. “பார்வதி அக்காவைத் தனியா விட்டுடாதே” என்றார் அண்ணன். பிறகு, “மணியத்தை அனுப்புறேன்” என்றார்.

தின்னர் வாசம்

மணியம் கூடாரத்தை நிமிர்த்தி முடித்தான். நாற்காலிகளை இறக்கப் போனபோது பையிலிருந்து குரல் வந்தது.

“டேய், நில்லு. நாற்காலியில பேர் இருக்கா?”

“எல்லாத்துலயும் இருக்குண்ணே.”

“பேர் இல்லாதது கடையில இருக்கா?”

“உங்க மேசை நாற்காலி ஒண்ணுதாண்ணே பேர் இல்லாதது.”

“பேரை அழி” என்றார் அண்ணன். “தின்னர் வாங்கித் துணியில தொட்டு அழி. அவர் வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருக்கார்.”

எங்கள் தெருமுனைச் சீனர் கடையில் தின்னர் வாங்கி, மணியமும் கூட வந்தவர்களும் என் வீட்டுக்காரரும் வரிசையாக உட்கார்ந்து அழித்தார்கள். நல்ல சாயம், லேசில் போகவில்லை. சிலதில் ‘தங்க’ போய் ‘வேலு’ மிஞ்சியது. முருகன் கோயிலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. வெயில் ஏற ஏறத் தின்னர் வாசம் கூடாரம் முழுக்கப் பரவியது. வந்து உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் கண் கலங்கியது. பாதி துக்கம், பாதி தின்னர்.

பார்வதி அக்கா உள்ளேயிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து பார்த்தார்.

“என்னப்பா செய்றீங்க?”

மணியம் எழுந்து, திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றான். “ஐயா வேண்டாம்னாராமே. அண்ணன் அழிக்கச் சொன்னாரு.”

“பேரை அழிச்சுட்டா யாரோட நாற்காலின்னு எப்படித் திருப்பி அனுப்புறது? அவருதான் ஏதோ கோவத்துல சொன்னாருன்னா இவருக்கும் புத்தி இல்லையா?” என்றார் அக்கா. சொல்லிவிட்டு, ‘வேலு’ என்று மிஞ்சியிருந்த ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதார். காலையிலிருந்து அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.



வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: “தலைவரைக் காணோமே?” பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கடைசியில் என் மணிக்கட்டைத் தொட்டுக் காட்ட ஆரம்பித்தேன். பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அண்ணனுக்குத் துணி விற்கிற சீன முதலாளிக்கு மட்டும் அதுவும் தேவைப்படவில்லை. கேட்டுக்குள் நுழையும்போதே தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, “டௌக்கே தாக் போலே மாரி, சாயா மாரி” என்றார். அவரால் வர முடியாது, அதனால் நான் வந்தேன் என்று சொல்கிறார். எத்தனையோ வருஷமாக எங்கள் ரதத்துக்குத் தேங்காய் உடைக்கிறவர். அவருக்குத் தெரியாத காப்பா?

கேட்டைப் பூட்டுவேன்

உச்சி வெயிலில் என் கைப்பேசி அடித்தது. அண்ணன்.

“பாப்பா, நான் காப்பைக் கழட்டிட்டு வந்துடறேன்.”

அந்தப் பக்கம் அண்ணி அழுகிற சத்தமும், யார் யாரோ பேசுகிற சத்தமும் கேட்டது. பூசாரியின் குரல் தெளிவாகக் கேட்டது. “கழட்டினா கழட்டினதுதான் தலைவரே. இந்த வருஷம் மறுபடி கட்ட முடியாது. ரதம் எடுக்கிற அன்னைக்குத் தலைவர் இல்லாம நிக்கும். யோசிச்சுக்குங்க.”

“யோசிச்சுட்டேன்” என்றார் அண்ணன். “ஊர்ல யார் யார் சாவுக்கோ முதல் ஆளா நின்னேன் பாப்பா. பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் தோள் கொடுத்திருக்கேன். இவருக்கு போன்ல கம்பி நட்டுக்கிட்டு இருக்கேன். சாயங்காலம் எடுத்துட்டா அப்புறம் நான் எந்த முகத்தைப் பார்த்து, விட்டுடுங்கண்ணேன்னு சொல்றது?”

அம்மனுக்குக் கொடுத்த வாக்கை உடை என்று சொல்ல என் நாக்கு வராது. வராதே அண்ணா என்று சொல்லவும் வரவில்லை. மாரியாத்தா, என்னை ஏன் நடுவில் நிறுத்துகிறாய் என்று மனசுக்குள் கேட்டேன்.

மணியம்தான் பக்கத்தில் வந்து ரகசியமாகச் சொன்னான். “அக்கா, வீடியோ கால் போட்டுக் காட்டிடலாமா? அண்ணன் கோயில்லயே இருப்பாரு. முகத்தையும் பார்த்துடலாம்.”

பூசாரியிடம் கேட்கச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவியிருக்க வேண்டும். “போனைப் பத்திச் சாஸ்திரத்துல ஒண்ணும் சொல்லலை. அதனால நான் ஆமாம்னும் சொல்லமாட்டேன், இல்லைன்னும் சொல்லமாட்டேன். அந்த வீட்டம்மாகிட்ட கேளுங்க” என்று பந்தை இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

பார்வதி அக்கா ஐயாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் காதோடு காதாக எல்லாவற்றையும் சொன்னேன். காப்பைக் கழற்றப் போவதையும் சொன்னேன். அக்கா கேட்டு முடித்தார். முந்தானையை உதறிச் செருகினார். காதோடு காதாகப் பதில் சொல்லவில்லை. வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

“வரக்கூடாது. வந்தாருன்னா நானே எழுந்து போய்க் கேட்டைப் பூட்டுவேன்.”

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“காப்பு கட்டுன தலைவர் கயித்தை அறுத்துட்டு வந்து நின்னா இந்த மனுஷன் சும்மா படுத்திருப்பாருன்னு நினைக்கிறியா? எழுந்து உட்கார்ந்து தீர்மானம் கொண்டுவருவாரு!”

ஒருத்தர் ஹுக் என்று சிரித்துவிட்டார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. பிணத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம். மகளும் அழுதபடியே சிரித்தாள்.

“வீடியோவும் வேண்டாம்” என்றார் அக்கா. “மக கூப்பிட்டாலே இவர் ஃபேனைத்தான் காட்டுவாரு. உயிரோட இருக்கையில காட்டாத முகத்தை இப்ப எதுக்குக் காட்டணும்?”

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். இப்போது குரல் தணிந்துவிட்டது.

“தம்பிகிட்ட சொல்லு லெட்சுமி. ஆத்தாளுக்குக் கொடுத்த வாக்கை இவருக்காக உடைச்சா, அந்தப் பாரம் இவர் தலையிலதான் ஏறும். சட்டம் சட்டம்னே வாழ்ந்தவர். அவரை லேசாப் போக விடச் சொல்லு.”

வாசலுக்கு வந்து அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. “சரி” என்றார் அண்ணன். அண்ணி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “போனை மணியத்துக்கிட்ட போட்டுக்கிறேன்” என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஐயாவைத் தூக்கினார்கள். பெண்கள் கேட்டுவரைக்கும் கத்திக்கொண்டு போனோம். மருமகன் சட்டி தூக்கினார். வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டபோது நான் தற்செயலாகத் திரும்பினேன். மணியம் கூடாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றிருந்தான். சட்டைப் பையில் கைப்பேசியின் வெளிச்சம் தெரிந்தது. இணைப்பை அவன் துண்டிக்கவே இல்லை. அண்ணனும் துண்டிக்கவில்லை.

வண்டி தெருமுனையைத் திரும்பும்வரை அந்தப் பை பேசவில்லை. தெரு அமைதியான பிறகு, சளி பிடித்த மாதிரி ஒரு குரல் வந்தது.

“மணியம், நாற்காலியை மடிச்சுடாதே. ராத்திரி வரைக்கும் ஆளுங்க வருவாங்க.”

காப்பு அவிழ்ந்த மறுநாள்

ரதம் நல்லபடியாகப் போய் நல்லபடியாகத் திரும்பியது. ஒரு சொட்டு மழை இல்லை. அண்ணன் முன்னால் நடந்தார் என்று சொன்னார்கள்; நான் போகவில்லை. துக்க வீட்டில் இருந்துவிட்டு ரதத்துக்கு முன்னால் போய் நிற்க என் மனசு ஒப்பவில்லை. வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டேன்.

மஞ்சள் நீராட்டு முடிந்து காப்பை அவிழ்த்தார்கள். மறுநாள் காலையில் அண்ணன் வந்தார். தாடியோடு வந்தார். காரைத் தெருக்கோடியில் நிறுத்தவில்லை. நேராகக் கொண்டுவந்து சுப்பையா ஐயாவின் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினார். அந்தச் சாக்கடை மூடிக்கு ஒதுங்கித்தான். நானும் கூடப் போனேன்.

கூடத்தில் ஐயாவின் படம் வைத்து விளக்கு எரிந்தது. நல்ல படம், துறைமுக வேலையில் இருந்தபோது எடுத்தது. கேள்வி கேட்கப் போகிற முகம். அண்ணன் அதைப் பார்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். பார்வதி அக்காவும் உட்கார்ந்தார். துக்கம் கேட்கப் போன இடத்தில் எப்போதும் பேச்சை ஆரம்பித்து வைக்கிறவர் அண்ணன்தான். அன்று அவருக்கு ஒன்றும் வரவில்லை. மின்விசிறியைப் பார்த்தார். தன் மணிக்கட்டைப் பார்த்தார். கயிறு இருந்த இடத்தில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை.

“விழா முடிஞ்சதும் வந்து பேசலாம்னு இருந்தேன்கா” என்றார் கடைசியில்.

“தெரியும் தம்பி. அவரும் வேலிகிட்ட நின்னுக்கிட்டு உங்க கார் சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டு இருப்பாரு. நீங்க போய்ப் பேசுங்களேன்னா, சட்டப்படி அவன்தான் முதல்ல பேசணும்பாரு.”

“எந்தச் சட்டத்துலக்கா அது இருக்கு?”

“அதைத்தான் நானும் கேட்டேன்.”

அண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார். அக்கா எழுந்து போய் வறக்காப்பி கலக்கிக்கொண்டு வந்தார். குடித்தோம். மகளைப் பற்றி, கருமாதிக்கு எத்தனை நாற்காலி வேண்டும் என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம்.

துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது. ‘வரேன்’ என்ற வார்த்தை அங்கே வாயில் வரவே கூடாது. பேசாமல் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்துவிட வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அண்ணனின் கடையில் வேலைக்குச் சேருகிறவனுக்குக் கம்பி பிடிக்கச் சொல்லித் தருவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லித் தருவார்கள். அண்ணன் கால் வைக்காத துக்க வீடு இந்தத் தீவில் இல்லை. ஒரு வீட்டிலும் அவர் வாய் தவறியதில்லை.

எழுந்தோம். நான் முன்னால் வாசலுக்கு வந்துவிட்டேன். அண்ணன் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, நிலையைப் பிடித்தபடி உள்ளே திரும்பி, படத்தைப் பார்த்து, அந்தக் காலத்தில் காரை விட்டு இறங்கும்போது சொல்வது போலவே சத்தமாகச் சொன்னார்.

“சரிண்ணே, வரேன்.”

நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். அண்ணனுக்கும் தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு, பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பிள்ளை மாதிரி அக்காவைப் பார்த்தார்.

பார்வதி அக்கா காலிக் குவளைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

“வாங்க தம்பி” என்றார். “வந்து கொஞ்சம் சத்தமாப் பேசிட்டுப் போங்க. வீடு ரொம்ப அமைதியா இருக்கு.”